சியாங் மாய் ஞாயிறு நடைவீதி: எதை வாங்கலாம், எதைக் கடந்து போகலாம்

தாய்லாந்தின் வடபகுதியில் உள்ள சியாங் மாய் நகருக்குப் போய்வந்தவர் யாரேனும் அங்குள்ள இரவுச் சந்தையைப் புகழ்ந்தாலோ இகழ்ந்தாலோ, எந்தச் சந்தையைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பெயருக்கு உரிய இடங்கள் அங்கே குறைந்தது மூன்று உள்ளன. மூன்றின் குணமும் வேறு வேறு. பழைய நகருக்குக் கிழக்கே சாங் க்லான் சாலையில் நாள்தோறும் மாலையில் கூடும் நைட் பஜார் ஒன்று. சனிக்கிழமை மாலையில் மட்டும் தெற்கு வாயிலுக்கு வெளியே வுவாலாய் சாலையில் விரியும் நடைவீதி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தா பே வாயிலில் தொடங்கி, ராச்சதம்னோன் சாலை நெடுகிலும் வாட் பிரா சிங் கோயிலை நோக்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் நடைவீதி மூன்றாவது. ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்பவருக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது இந்த ஞாயிறு நடைவீதியைத்தான். ஆனால் அங்கே விற்கப்படுவதில் பாதியை வாங்காமல் வருவதே புத்திசாலித்தனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சியாங் மாய், மன்னர் மங்ராய் 1296 ஆம் ஆண்டில் லன்னா அரசின் தலைநகராக நிறுவிய ஊர். அகழி சூழ்ந்த சதுர வடிவப் பழைய நகரின் கிழக்கு வாயில் தா பே. இன்று நாம் காணும் செங்கல் வாயில் 1980களில் மீண்டும் கட்டப்பட்டது. இங்கிருந்து மேற்கே செல்லும் சாலையில் மற்ற நாட்களில் வண்டிகள் ஓடும். ஞாயிறு பிற்பகலில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். 4 மணி வாக்கில் வணிகர்கள் மடக்கு மேசைகளை விரித்து, மின்விளக்குச் சரங்களைக் கட்டத் தொடங்குகிறார்கள். இரவு 10 மணியைத் தாண்டியும் வியாபாரம் நடக்கும். சந்தை ஒரே நேர்கோட்டில் நின்றுவிடுவதில்லை. நடுவில் குறுக்கிடும் பிரா போக்லாவ் சாலையிலும் இருபுறமும் கிளைவிட்டு ஓடுகிறது. வடக்குப் பக்கம் திரும்பினால் மூன்று மன்னர்களின் சிலை நிற்கும் திடல் வரும். தெற்குப் பக்கம் திரும்பினால், 1545 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உச்சி சரிந்த பெருந்தூபியைக் கொண்ட வாட் சேடி லுவாங் கோயில் வரும். முதல்முறை வருபவர் இந்தக் கிளைகளில் புகுந்து திசை தவறுவதுண்டு. தா பே வாயில் எந்தப் பக்கம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மாலை 5 மணிக்குள் போய்ச் சேருவது மிகவும் முக்கியம். 7 மணிக்கு மேல் நடைவீதி என்ற பெயருக்கே பொருத்தமில்லாத அளவுக்கு நெரிசல் ஏற்பட்டுவிடும். முன்னால் செல்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருக்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு அந்த நேரம் சற்றும் ஏற்றதன்று. சக்கர நாற்காலிக்கு வழியே இருக்காது. முன்னதாகவே வந்துவிட்டால் கடைக்காரர்கள் சோர்வின்றிப் பேசுவார்கள், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இடமிருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். என் வழக்கம் இதுதான்: இருட்டும் முன்பே மேற்குக் கோடி வரை நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மட்டும் வாங்குவது.

முன்னதாக வருபவருக்கு இன்னொரு காட்சியும் காணக் கிடைக்கும். தாய்லாந்தில் நாள்தோறும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப் பண் ஒலிபரப்பப்படுகிறது. ஞாயிறு மாலை, சந்தை சூடுபிடிக்கும் அந்த நேரத்தில், ஒலிபெருக்கியில் இசை எழுந்த உடனே மொத்த வீதியும் அப்படியே நிற்கும். சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் நோட்டுக்கட்டோடு எழுந்து நிற்பார். பேரம் பாதியில் நிற்கும். அடுப்பில் மட்டும் எண்ணெய் பொரிந்துகொண்டிருக்கும். விவரம் தெரியாத பயணிகள் ஒரு நொடி குழம்பிவிட்டுத் தாமும் நிற்பார்கள். இசை முடிந்த மறுகணமே, விட்ட வாக்கியத்தின் அடுத்த சொல்லிலிருந்து பேரம் தொடரும். அந்த நேரத்தில் நின்றுவிடுவது எளிய மரியாதை. கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தபடி நடந்து திரிவது நல்லதன்று.

இனி, வாங்குவதைப் பற்றி. இந்தச் சந்தைக்கான நெறியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு பொருளைப் பத்துக் கடைகளில் ஒரே மாதிரி கண்டால், அது அந்த வீதியில் அமர்ந்திருக்கும் எவரும் செய்ததன்று. யானைப் படம் அச்சிட்ட தொளதொளக் காற்சட்டைகள், சாவிக்கொத்துகள், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மைகள், மினுங்கும் நாணயப் பைகள் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. யானைக் காற்சட்டை 100 முதல் 150 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை கிடைக்கும். கோடை நடைக்கு வசதியான உடைதான், நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தாய்லாந்தின் கைவினை என்று நம்பி வாங்க வேண்டாம். சீனாவிலிருந்து வந்து குவியும் மலிவான யானைக் காற்சட்டைகள் குறித்து 2024 தொடக்கத்தில் தாய்லாந்து அரசே கவலைப்பட்டு நடவடிக்கையில் இறங்க வேண்டியிருந்தது. இப்பொருள்களை பாங்காக்கின் எந்தச் சந்தையிலும் இதே விலைக்கு, சில இடங்களில் இதைவிடக் குறைவாகவும் வாங்கலாம். இதற்காகச் சியாங் மாய் வரை வர வேண்டியதில்லை.

செய்தவரே விற்கும் கடைகள் இந்தச் சந்தையில் இன்னும் கணிசமாக உள்ளன. மற்ற இரண்டையும்விட ஞாயிறு நடைவீதியை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் அதுதான். அவர்களை அடையாளம் காண்பது கடினமன்று. கூட்டம் இல்லாத நேரத்தில் அவர்களுடைய கை சும்மா இருப்பதில்லை. ஒருவர் தோல்பையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் சிறு உளியால் சோப்புக் கட்டியைக் குடைந்து தாமரை இதழ்களைப் பிரித்துக்கொண்டிருப்பார். வண்ணம் ஏற்றிய அந்தச் சோப்பு மலர்கள், மூடியுள்ள சிறு மரக் கிண்ணத்தில் அடங்கிவிடுவதால் பெட்டியில் வைத்துக் கொண்டுவர எளியவை. நெருங்கிப் பார்த்தால் இதழின் ஓரம் தாளைவிட மெல்லியதாகச் சீவப்பட்டிருப்பதும், இரண்டு மலர்கள் ஒன்றுபோல் இல்லாதிருப்பதும் தெரியும். அச்சில் வார்த்தவையாக இருந்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்ணே சொல்லிவிடும்.

சியாங் மாய்க்குக் கிழக்கே உள்ள போ சாங் ஊர் குடைகளுக்குப் பெயர்பெற்றது. காகித மல்பெரி மரத்தின் பட்டையிலிருந்து செய்யும் 'சா' தாளை மூங்கில் சட்டத்தில் ஒட்டி, எண்ணெய் பூசிக் காயவைத்து, மேலே பூவும் பறவையும் தீட்டுகிறார்கள். அதே தாளில் செய்த குறிப்பேடுகளும் விளக்குக் கூடுகளும் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. குறிப்பேடுகளில் சிலவற்றின் தாளுக்குள் உண்மையான பூவிதழும் இலையும் பதிந்திருக்கும். தாளை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தால் நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பது தெரியும். கைத்தாளுக்கு அதுவே சாட்சி. குடை வாங்குபவர்கள் அதை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் நூல் கட்டு தளர்ந்திருந்தால் ஊர் வந்து சேரும் முன்பே குடை சாய்ந்துவிடும். பெரிய குடைகளை விமானத்தில் கொண்டுவருவது தலைவலி. கையளவு உள்ள சிறியவை அலங்காரத்துக்குப் போதும்.

துணிகளில் இரண்டு வகைகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, அவுரிச் சாயம் ஏற்றிய 'மோ ஹோம்' சட்டை. பிரே மாகாணம் இதற்குப் புகழ்பெற்றது; வட தாய்லாந்து உழவர்களின் உடையாக இருந்தது இன்று அனைவரும் அணியும் உடையாகிவிட்டது. பருத்தி என்பதால் வெப்பத்துக்கு இதமானது. இயற்கைச் சாயம் முதல் சில சலவைகளில் இறங்கும்; எனவே வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. இரண்டாவது, ஹ்மோங் மலைவாழ் மக்களின் சணல் துணியும் பூவேலையும். தேன்மெழுகால் கோடு வரைந்து அவுரியில் தோய்த்து எடுக்கும் அவர்களுடைய கலை மிக நுட்பமானது. பழைய பாவாடைகளைப் பிரித்துப் பைகளாகவும் மெத்தை உறைகளாகவும் தைத்து விற்கும் கடைகள் சந்தையின் உட்பகுதியில் உண்டு. அதே வடிவத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணிகளும் அருகிலேயே தொங்கும். துணியைப் புரட்டி மறுபக்கம் பாருங்கள். கையால் தைத்ததில் நூல் முடிச்சுகளும் சிறு ஒழுங்கின்மைகளும் தெரியும். அச்சடித்ததில் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். உண்மையான கைப்பூவேலைப் பைக்கு அச்சுப் பையின் பல மடங்கு விலை கேட்பார்கள். அதன் உழைப்பைப் பார்த்தால் அது நியாயமான விலைதான்.

சில கடைகளின் பொருள்களில் 'ஓடாப்' என்ற முத்திரை காணப்படும். ஒவ்வொரு வட்டாரமும் தனக்கே உரிய ஒரு பொருளை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற நோக்கில் 2001 ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு தொடங்கிய திட்டத்தின் முத்திரை அது. முத்திரை உள்ளதெல்லாம் சிறந்தது என்றோ, இல்லாததெல்லாம் போலி என்றோ சொல்ல முடியாது. ஆனாலும் பொருள் எந்த ஊரில் உருவானது என்று கேட்டால் கடைக்காரர் தெளிவாக விடை சொல்லக்கூடிய கடை அது என்பதற்கு நல்ல அறிகுறி.

பேரம் பேசுவதில் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கலாம். சற்று அடக்கிக்கொள்ளத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்ட விலையில் பாதியைச் சொல்லித் தொடங்கி, போவதுபோல் பாவனை செய்து, மீண்டும் அழைக்கப்படக் காத்திருக்கும் உத்தி இந்த நடைவீதியில் எடுபடாது. விலைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே மிதமாகத்தான் சொல்லப்படுகின்றன. கடைக்காரர் கணிப்பானில் எண்ணைத் தட்டி உங்களிடம் நீட்டுவார்; நீங்களும் ஓர் எண்ணைத் தட்டித் திருப்பித் தரலாம். இரண்டு மூன்றாக எடுத்துக்கொண்டு விலை கேட்டால் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இறங்கும். குரலை உயர்த்துவதும் பொருளை இகழ்வதும் அங்கே மிகுந்த அநாகரிகமாகக் கருதப்படும். சிரித்துக்கொண்டே கேட்டால் நடக்கும் காரியம் முகத்தைச் சுளித்தால் நடக்காது. உணவுக்கும், விலைச்சீட்டு ஒட்டிய பொருளுக்கும் பேரம் கூடாது. 250 பாட்டுக்குத் தோலில் பெயர் பொறித்துத் தரும் இளைஞரிடம் 20 பாட்டுக்காகக் கால்மணி நேரம் வாதாடுபவர்களைப் பார்க்கும்போது, அவர்களுக்காக எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு நடைவீதியின் உணவுக் கடைகள் பெரும்பாலும் சாலையில் இல்லை. வழிநெடுகிலும் உள்ள புத்த கோயில்களின் முற்றங்களில் உள்ளன. வாட் பான் ஓன் கோயிலின் முற்றம் அவற்றில் பலரும் அறிந்தது. பொன்னிறத் தூபி விளக்கொளியில் மின்ன, அதன் கீழே பொரிக்கும் சட்டிகளும் நெகிழி நாற்காலிகளுமாக இருக்கும் காட்சி முதலில் வியப்பளிக்கும். கோயில் இடத்தில் வியாபாரம் நடப்பது அங்கே இயல்பானது. ஆயினும் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போவதும், சன்னிதிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதும் நம் கடமை.

அந்த முற்றங்களில் நான் எப்போதும் தேடிப்போவது 'கனோம் க்ரோக்' கடை. நம் குழிப்பணியாரச் சட்டியின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க கனத்த குழிச்சட்டியில், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசலை முதலில் ஊற்றுகிறார்கள். ஓரம் இறுகத் தொடங்கியதும், இனிப்பும் உப்பும் சேர்த்த கெட்டித் தேங்காய்ப்பாலை நடுவில் ஒரு கரண்டி விடுகிறார்கள்; சிலர் அதன் மேல் மக்காச்சோளமோ நறுக்கிய வெங்காயத்தாளோ தூவுகிறார்கள். புரட்டிப்போடுவதில்லை. கீழ்ப்புறம் மொறுமொறுப்பாகவும் மேற்புறம் பாலாடைபோலக் குழைவாகவும் இருக்கும்போதே கரண்டியால் நெம்பி எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து வாழையிலைத் தொன்னையில் வைத்துத் தருகிறார்கள். ஆறினால் அதன் அருமை போய்விடும். உடனே வாயில் போட்டால் நாக்கு பொசுங்கும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள ஓரிரு நிமிடங்களில் சாப்பிட வேண்டும். ஒரு தொன்னைக்கு 20 முதல் 40 பாட் வரை கேட்கிறார்கள்.

வட தாய்லாந்துக்கே உரியவை என்றால் 'காவ் சோய்', 'சாய் உவா' ஆகிய இரண்டையும் சொல்ல வேண்டும். காவ் சோய் என்பது தேங்காய்ப்பால் சேர்த்த மஞ்சள் நிறக் குழம்பில் முட்டை நூடுல்ஸும் கோழி அல்லது மாட்டிறைச்சியும் சேர்ந்து வருவது. மேலே பொரித்த நூடுல்ஸ் நொறுங்கும், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் இருக்கும். யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த சீன முஸ்லிம் வணிகர்களோடு இந்த உணவைப் பொதுவாக இணைத்துப் பேசுகிறார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் கூடும் பான் ஹாவ் பள்ளிவாசல் நைட் பஜாருக்கு அருகிலேயே இருக்கிறது. ஹலால் உணவு தேடுபவர்களுக்கு அந்தத் தெருவே மிகச் சிறந்த இடம். சாய் உவா என்பது எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் மூலிகைகளும் இடித்துச் சேர்த்த பன்றி இறைச்சிச் சுருள். கரியடுப்பில் சுடும் மணம் இரண்டு கடைகள் தள்ளியே வரவேற்கும். பொரித்த வெட்டுக்கிளிகளும் மூங்கில் புழுக்களும் விற்கும் வண்டிகளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அதில் பார்ப்பவர்களே மிகுதி, தின்பவர்கள் குறைவு.

சைவ உணவினர் கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்குக் காய்கறி மட்டுமே தெரியும் பப்பாளிக்காய்க் கலவையான 'சோம் தாம்' தட்டில் மீன் சாறும் உலர் இறாலும் இருப்பதே வழக்கம். 'பட் தாய்' நூடுல்ஸுக்கும் இதே நிலைதான். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும் விலக்கிவிட்டு மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்ற அடையாளம் தொங்கும் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய எதுவும் சேர்ப்பதில்லை. வெங்காயம், பூண்டு போன்றவற்றையும் தவிர்க்கிறார்கள். அந்தக் கொடியைக் கண்டால் அச்சமின்றி அமரலாம். கொடி கண்ணில் படாவிட்டால், மாம்பழத்தோடு தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறு, தேங்காய் ஐஸ்கிரீம், வெட்டிய பழங்கள், மேலே சொன்ன கனோம் க்ரோக் ஆகியவற்றைக் கொண்டே ஒரு மாலையை நிறைவாக ஓட்டிவிடலாம். மாம்பழச் சோற்றுக்கு மார்ச் முதல் மே வரையிலான மாம்பழக் காலமே உரியது. மற்ற மாதங்களிலும் கிடைக்கும், ஆனால் பழத்தின் சுவை சற்று மட்டுதான்.

பொழுதுபோக்கு என்று தனியே சீட்டு வாங்கி அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி எதுவும் ஞாயிறு நடைவீதியில் இல்லை, வீதியே அரங்கு. பள்ளி மாணவர்கள் சீருடையோடு அமர்ந்து லன்னா மரபு இசைக்கருவிகளை வாசிப்பார்கள். பெண்கள் நீண்ட பித்தளை விரலணிகள் பூட்டிய கைகளை மெதுவாக வளைத்து ஆடுவார்கள். பார்வையற்ற இசைக்கலைஞர்கள் சாலையின் நடுவே ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து பாட, கூட்டம் அவர்களின் இருபுறமும் ஆறுபோல் பிரிந்து செல்லும். எல்லோர் முன்னாலும் ஒரு பெட்டி இருக்கும். நின்று கேட்டால் 20 பாட்டாவது இடுவது முறை. ஒலிபெருக்கிகள் அடுத்தடுத்து இருப்பதால் சில இடங்களில் இரண்டு இசைகள் ஒன்றோடொன்று மோதிக் காதைக் குடைவதையும் சொல்லியாக வேண்டும். சந்தை நிர்வாகம் அவர்களைச் சற்று இடைவெளி விட்டு அமர்த்தினால் இரு தரப்புக்கும் நன்மை.

நடந்து ஓய்ந்த கால்களுக்குச் சாலையோரத்திலும் கோயில் முற்றங்களிலும் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கால் பிடித்துவிடுகிறார்கள். யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2019 ஆம் ஆண்டில் இடம்பெற்ற தாய் மசாஜ், இங்கே அரை மணிக்குச் சுமார் 100 முதல் 150 பாட்டுக்குக் கிடைக்கிறது. ஒழுங்கான கூடத்தில் கிடைக்கும் அமைதியும் தனிமையும் இங்கே இல்லை. கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே கால் நீட்டிக் கிடப்பது இதன் தனிச் சுகம். கணுக்காலுக்கு மேலே அழுத்தம் மிகுந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொண்டால் மறுநாள் வலிக்கும்.

மற்ற இரண்டு சந்தைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வுவாலாய் சனிக்கிழமைச் சந்தை ஞாயிறு சந்தையின் இளைய பதிப்பு. கூட்டம் சற்றுக் குறைவு, பொருள்களில் பெரும்பகுதி அதே. அது வெள்ளி வேலை செய்பவர்களின் பழைய குடியிருப்பு என்பதால் தட்டுவேலைப் பொருள்களுக்காகப் போகலாம். ஆனால் வெள்ளிபோல் மின்னுவதில் பெரும்பகுதி அலுமினியம் அல்லது கலப்பு உலோகம்; உண்மையான வெள்ளி என்றால் 925 என்ற முத்திரையைப் பார்த்து, நிலையான கடையில் எடைபோட்டு வாங்குவதே நல்லது. அருகில் உள்ள வாட் ஸ்ரீ சுபன் கோயிலின் வெள்ளி மண்டபம் விளக்கொளியில் கண்ணைக் கவரும். அதன் உள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை, வெளியிலிருந்தே பார்க்க வேண்டும்.

நைட் பஜார் நாள்தோறும் இருப்பதே அதன் முதன்மையான சிறப்பு. வார நடுவில் வந்துவிட்டுக் கிளம்புபவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரே மாதிரிப் பொருள்கள் அங்கேதான் அதிகம், கேட்கும் விலையும் கூடுதல்; அங்கே மட்டும் பேரத்தைச் சற்றுக் கடுமையாகவே தொடங்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வராமல் போனதில் மிகவும் அடிபட்ட சந்தை அது. மேசை போட்டு அமர்ந்து சாப்பிடவும், அனுசான் பகுதியில் கபரே நிகழ்ச்சி பார்க்கவும் அது ஏற்ற இடம். வெள்ளி மணிகள் கோத்த தலையணியோடு வரும் அகா இனப் பெண்கள், மரத் தவளையின் முதுகை ஒரு குச்சியால் வருடி 'கொர் கொர்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே மேசை மேசையாக வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் குழந்தைகள் அந்தத் தவளையை எத்தனை நாள் வருடுவார்கள், அதை எத்தனை நாள் நம்மால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

பணம் ரொக்கமாக வேண்டும். எல்லாக் கடைகளிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் எல்லா வெளிநாட்டுப் பயணிகளுக்கும் அது பயன்படாது. வெளிநாட்டு அட்டையால் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேலும் கட்டணம் பிடிக்கிறார்கள் என்பதால் பகலிலேயே நாணய மாற்றுக் கடையில் மாற்றிக்கொள்வது சிக்கனம். 20, 50, 100 பாட் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 30 பாட் பணியாரத்துக்கு 1000 பாட் நோட்டை நீட்டினால் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். பயணிகள் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறும் வசதி சாலைக் கடைகளுக்குப் பொருந்தாது. கழிப்பறை கோயில் வளாகங்களில் உண்டு, சில பாட் கேட்பார்கள், மெல்லிய தாள் கையில் இருப்பது நல்லது.

திரும்பும்போது வாயிலுக்கு எதிரே நிற்கும் 'சோங்தேவ்' எனப்படும் சிவப்பு வண்டிகளில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். சந்தை முடியும் நேரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்பது உண்டு. அகழியைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, கிராப் அல்லது போல்ட் செயலியில் வண்டி அழைத்தால் சீக்கிரம் கிடைக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலைக் காற்று குளிர்ச்சியாக இருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். கடைக்காரர்கள் நொடியில் நெகிழித் தாளை இழுத்து மூடிவிட்டு, மழை விட்டதும் மீண்டும் திறப்பார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட்டாரமெங்கும் வயல்களும் காடுகளும் எரிவதால் புகைமூட்டம் நகரைச் சூழும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. புத்தர் சிலைகளைச் சந்தையில் எளிதாக வாங்கிவிடலாம், ஆனால் அவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் எவரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை; விமான நிலையத்தில்தான் தெரியவரும். மின்சிகரெட்டுகளும் அப்படியே: அங்கங்கே மறைவாக விற்கப்பட்டாலும் அவை தாய்லாந்தில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை, பிடிபட்டால் அபராதத்தோடு போகாமலும் இருக்கலாம். யானைத் தந்தம் என்று எவராவது காட்டினால், அது உண்மையானதா போலியா என்ற ஆராய்ச்சியில் இறங்காமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.